ஷாம்பூ மணத்த புகை

2007-ஆம் வருடம் டிசம்பர் மாதம். நானும் என் மனைவியும் ஹைதராபாத்தில், சனத்நகர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். எனக்கு ஹைடெக் சிட்டி பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மனைவிக்கு ஏழாவது மாதம். மேம்பாலம் கட்டுகிறோம் என்று ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம் அது. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனால் மாலையில் காவிச் சட்டையோடு திரும்பலாம்.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் தூத்துக்குடிக் கிறிஸ்தவக் குடும்பம், அவள் கோபிசெட்டிபாளையம் பக்கம். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து என் மாமனார் எங்களோடு பேசவில்லை. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர். அவர் மண்டிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மாமியார் மட்டும் மகளுக்குப் போன் பண்ணுவார். மூன்று வருடம் இப்படியே ஓடியது. மகள் உண்டாகியிருக்கிறாள், அவளுக்கு அலைச்சல் கூடாது, வளைகாப்பை அங்கேயே வந்து செய்துவிடுவோம் என்று மாமியார் பிடிவாதம் பிடித்ததில், ஒருவழியாக இரண்டு பேரும் ரயில் ஏறினார்கள்.

இங்கே என் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது சிவப்பு நிற ஜப்பான் கார், ரோட்டரி இன்ஜின். மற்ற கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் அது கிடையாது. இரானிக் கடைச் சமோசா மாதிரி முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபீசில் என்னோடு வேலை பார்த்த செகந்திராபாத் நண்பனின் அப்பா, ஸ்காட்லாந்தில் டாக்டராக இருந்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த வண்டி. அவர்கள் வீட்டு ஷெட்டில் வருடக்கணக்கில் தூங்கியதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்விளக்குகள் மூடியிருக்கும், சுவிட்சைப் போட்டால் எழுந்து முழிக்கும். காலனிக் குழந்தைகள் தவளைக் கார் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்ரோலைக் குடிக்கும். ஆனால் ஓட்டும்போது வரும் சந்தோஷத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

குளிர் நாட்டு வண்டி என்பதால் அதில் சில விசேஷ ஏற்பாடுகள் உண்டு. அதில் ஒன்று, இன்ஜின் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீர் உறைந்துபோகும் குளிரில் வண்டி கிளம்ப வேண்டுமானால், அதில் உறையாத திரவம் ஒன்றை ஊற்றி வைக்க வேண்டுமாம். சாவியைத் திருகும்போது ஒரு குட்டிப் பம்ப் அதைக் கார்புரேட்டருக்குள் பீய்ச்சும். வெளியே எவ்வளவு குளிர் என்று பார்த்துச் சொல்ல ஒரு சென்சார். அந்தத் தயாரிப்பாளர்களே பிற்பாடு கைவிட்டுவிட்ட ஏற்பாடு அது என்று நண்பன் சொன்னான். "ஹைதராபாத்ல ஐஸ் விழப் போகுதா? அத விடு பா, நக்கோ, வேணாம்" என்று அவன் கையை உதறியதோடு அந்தத் தொட்டியை நான் மறந்தே போனேன். அது காலியாக, தூசி படிந்து, தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

மாமனாரையும் மாமியாரையும் அழைத்துவர செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனேன். பின்சீட்டு என்று ஒன்று பெயருக்குத்தான் உண்டு. மாமியாரும் பெட்டிகளும் அதில் எப்படியோ அடங்கினார்கள். முன்னால் என் பக்கத்தில் மாமனார். நெட்டையான மனிதர். தலை கூரையில் இடிக்க, முழங்கால் நெஞ்சில் முட்ட, மடித்து வைத்த நாற்காலி மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் "பிரயாணம் நல்லா இருந்துச்சா மாமா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக ஒரு சினிமா போஸ்டரைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். அது தெலுங்கில் இருந்தது.

வழியில் ஒரு மண் லாரி எங்களைத் தாண்டிப் போனது. கண்ணாடி முழுக்கப் புழுதி, எதிரே ஒன்றும் தெரியவில்லை. வைப்பருக்குத் தண்ணீர் அடிக்கும் பொத்தானை அழுத்தினேன். வரவில்லை. அதற்கான தொட்டி எப்போதோ விரிசல் விட்டிருந்தது, நானும் சரிசெய்யாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியை ஓரங்கட்டி, பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டு மறுபடி கிளம்பினேன். மாமனார் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போஸ்டர்களுக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். அவர் என்னிடம் நேரடியாகப் பேசுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். ஆனால் என்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் நிறைய இருந்தது போல. எல்லாம் மகள் வழியாக வரும். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம். "அம்மணி, அவரு ரசம் ஊத்திக்கலியான்னு கேளு" என்பார். நான் அவருக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பேன். அவள் என் பக்கம் திரும்பி, "அப்பா ரசம் வேணுமான்னு கேக்கறாங்க" என்பாள். நான் அவளிடம், "போதும்னு சொல்லு" என்பேன். அவள் மறுபடி அந்தப் பக்கம் திரும்புவாள். ஏழு மாத வயிற்றோடு டென்னிஸ் ஆட்டம் பார்ப்பது மாதிரி அவள் கழுத்து திரும்பித் திரும்பி வலி எடுத்துவிட்டது. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. நாளாக ஆக அது வலித்தது. இந்த மனிதர் ஊருக்குத் திரும்பிப் போவதற்குள் என்னை ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவாரா என்று இருந்தது.

அவர்கள் வந்த சில நாட்களிலேயே காருக்கு நோய் வந்துவிட்டது. காலையில் சாவியைத் திருகினால் பிடிக்காது. இருமும், திணறும், பேட்டரி உயிர்விடப் போகிற நேரத்தில் ஒருவழியாகப் பிடிக்கும். பிடித்ததும் பின்னால் வெள்ளை வெளேரென்று புகை. சாதாரணப் புகை இல்லை. கொசு மருந்து அடிக்கும் வண்டி வந்துவிட்டதாக நினைத்துக் கீழ்வீட்டு அம்மா ஜன்னல்களைச் சாத்தும் அளவுக்குப் புகை. கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும், வண்டியும் ஓடும். ஆனால் அடுத்த தடவை கிளப்பும்போது மறுபடி அதே கூத்து.

இன்டர்நெட்டில் ரோட்டரி கார்க்காரர்கள் கூடிப் பேசும் தளங்கள் உண்டு. அங்கே போய்க் கேட்டேன். நியூசிலாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் பதில் வந்தது. எல்லோரும் ஒரே குரலில், இன்ஜினுக்குள் இருக்கும் சீல் போய்விட்டது, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று துக்கம் விசாரித்தார்கள். எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவரும் வந்து பார்த்தார். புகையில் கையை நீட்டி, விரலை உரசிப் பார்த்து, "இஞ்சன் கதம் சாப்" என்று முடித்துவிட்டார். அதற்கான சீல் இந்தியாவில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் அந்த இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ஆள் இந்த ஊரில் கிடையாது.

இதில் ஒரு விஷயம் உதைத்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவே இல்லை. என் மனைவி வேறு ஒன்று சொன்னாள். ஒரு நாள் பால்கனியில் நின்று மூக்கை உறிஞ்சி, "இந்தப் புகை ஷாம்பூ வாசனை அடிக்குதுங்க" என்றாள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவம் எரிந்தால் இனிப்பாக ஒரு வாசனை வரும், அதைத்தான் சொல்கிறாய் என்று நான் பெரிய நிபுணன் மாதிரி விளக்கம் கொடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு மூக்கு எக்கச்சக்கமாக வேலை செய்யும் என்று மாமியாரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

மனசே இல்லாமல் காரை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன். குழந்தை வரப்போகிற வீட்டில் கிளம்பாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விளம்பரம் பார்த்துவிட்டு உப்பல் பகுதியிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். இன்ஜின் தனக்குத் தேவையே இல்லை, கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் ஒன்றை மாட்டி, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன் என்றார். சனிக்கிழமை இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அம்மணி, அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியான்னு கேளு" என்றார் மாமனார். மனைவி பதில் சொல்வதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் விழிப்பு வந்துவிட்டது. உப்பல்காரர் வருவதற்குள் காரைக் கடைசியாக ஒரு தடவை துடைத்து வைக்கலாம் என்று நினைத்தேன். உண்மையில் அது எப்போதுமே பளபளவென்றுதான் இருந்தது. கொஞ்ச நாளாக வாட்ச்மேன் அதைத் தினமும் துடைத்து வைப்பதாக நினைத்து அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லியிருந்தேன். அவரும் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டிருந்தார்.

சாவியைத் தேடினால் கொக்கியில் இல்லை. சட்டைப் பையில் இருக்கும் போல என்று சட்டையை மாட்டிக்கொண்டே படியிறங்கினேன். கீழே நல்ல மூடுபனி. கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. தலையில் குரங்குக் குல்லா, தோளில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி. என் மாமனார்.

காரின் பானெட் திறந்திருந்தது, நான் தேடிய சாவி கதவில் தொங்கியது. எங்கள் குளியலறையின் நீல மக் அவர் கையில். அதிலிருந்து, சிந்தாமல் சிதறாமல், அந்தக் குளிர்காலத் தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் தூணோடு தூணாக நின்றுவிட்டேன். அவர் தொட்டி நிறைந்ததைக் குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ஷாம்பூ பாக்கெட்டை எடுத்து, பல்லால் கிழித்து, பாதியைத் தொட்டிக்குள் பிதுக்கினார். மீதியை மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். மூடியைத் திருகி, துண்டால் சுற்றிலும் துடைத்தார். அப்புறம் முன்கண்ணாடிக்கு வந்து, அதையும் அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.

வாட்ச்மேன் ஓரமாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமனாருக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ரொம்ப நாள் சிநேகிதர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கில் மருமகனை மரியாதையாக 'அல்லுடு காரு' என்பார்கள். வாட்ச்மேன் என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, "மீ அல்லுடு காரு சால மஞ்சி" என்றார். உங்கள் மருமகன் ரொம்ப நல்லவர் என்று அர்த்தம். மாமனார் காதில் விழுந்ததென்னவோ 'காரு' மட்டும்தான்.

"ஆமாங், மாப்பிள்ள காருதானுங்" என்றார் சந்தோஷமாக. "நல்ல காருங். என்ன, வைப்பருக்குத் தண்ணி ஊத்தோணும்ங்கற ரோசன மாப்பிள்ளைக்கு இல்லீங். புள்ளத்தாச்சிய வெச்சு ஓட்டறாரு, கண்ணாடி தெரிய வேண்டாமுங்களா?"

வாட்ச்மேன் "அவுனண்டி, அவுனண்டி" என்று தலையாட்டினார்.

மாப்பிள்ளை. மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் யாரிடமோ சொல்லும்போது, ஒட்டுக்கேட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படியேறினேன்.

தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஷாம்பூ வாசனைன்னு சொன்னேனா இல்லையா?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. ஊரில் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மழை நாளில் லாரி அடித்த சேறு கண்ணாடியை மறைத்து, அப்பா ஓட்டிய கார் வாய்க்கால் விளிம்பு வரை போய் நின்றதாம். அன்றிலிருந்து வைப்பர் தொட்டியைப் பார்க்காமல் அவர் எந்த வண்டியையும் கிளப்ப மாட்டாராம்.

"அவராலதான் வண்டி கெட்டுப்போச்சுன்னு அவருக்குத் தெரிய வேண்டாங்க. அப்பறம் ஜென்மத்துக்கும் இங்க வரமாட்டாரு" என்றாள்.

நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் சென்சார் எப்போதோ பழுதாகியிருக்கிறது. ஹைதராபாத் பனிமலையில் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. தொட்டி காலியாக இருந்தவரை பம்ப் வெறுமனே சுற்றியது, ஒரு தொந்தரவும் இல்லை. மாமனார் நிரப்பத் தொடங்கியதும், ஒவ்வொரு தடவை நான் சாவியைத் திருகும்போதும் ஷாம்பூத் தண்ணீரை இன்ஜினுக்குள் பீய்ச்சியிருக்கிறது. சீலும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. இன்ஜினுக்குத் தினமும் தலைக்குக் குளிப்பாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

உடனே செகந்திராபாத் நண்பனுக்குப் போன் பண்ணி, வீட்டில் கருவிப் பெட்டி இருந்தால் எடுத்துக்கொண்டு வா என்றேன். பைக்கில் பறந்து வந்தான். அவசரத்தில் விவரம் எதையும் சொல்லாமல் விட்டதுதான் தப்பாகிப்போனது. நாங்கள் பானெட்டைத் திறந்த சத்தம் கேட்டு மாமனாரும் இறங்கி வந்துவிட்டார். சற்றுத் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நண்பன் தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். அவன் குரல் காலனி முழுக்கக் கேட்டது. அவன் ஊர்ப் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு' என்று அர்த்தம். "கைக்கு பா இதுல தண்ணி ஊத்துன? சோப்பு வேற! இது வைப்பர் டப்பா இல்லன்னு டாடி உனக்குச் சொல்லலியா? யாரு பா இந்த வேலை பண்ணது?"

மாமனார் என்னைப் பார்ப்பது பக்கவாட்டில் தெரிந்தது. எனக்கு யோசிக்க நேரமே இல்லை.

"நான்தான்டா. தெரியாம ஊத்திட்டேன்."

"ஹவ்! நீயா? இந்த டப்பாவ நக்கோ நக்கோன்னு நான் சொன்னது என்ன காத்துலயா போச்சு? இஞ்சன்ல தண்ணி போகுதுன்னு ஊரெல்லாம் அழுதுட்டு, ஊத்துனதே நீதானா?" என்று அவன் என்னை வறுத்தெடுத்தான். காலை மிதித்தேன். "கால ஏன் பா மிதிக்கிற?" என்று அதையும் சத்தமாகவே கேட்டான்.

வேறு வழியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது மாமனாரைக் காணோம். படியேறிப் போய்க்கொண்டிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. எல்லாம் போச்சு, இன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையைப் பாதியில் விட முடியாது. பம்புக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினோம். தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்த ஓட்டையை ஒரு போல்ட் வைத்து இறுக்கி அடைத்தோம். நனைந்திருந்த ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்தோம். பிளக் இல்லாமலே இன்ஜினைச் சுற்றவிட்டபோது, உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் புஸ் புஸ்ஸென்று வெளியே தெறித்து நண்பனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை அலங்கரித்தது. என்னைத் திட்ட அவனுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. கடைசியில் அந்தத் தொட்டியைக் கழற்றித் தூர எறியப் போனான்.

"எறியாதே, அதை வைப்பருக்கு மாட்டிடு" என்றேன்.

"கைக்கு?"

"மாட்டுடா. பழைய வைப்பர் தொட்டி விரிசல். இதுல தண்ணி ஊத்தறதுக்கு ஆள் இருக்கு."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் மாட்டிக் கொடுத்தான். குழாயை மாற்றி வைப்பர் பம்போடு சேர்த்தான். திரும்பினால், மாமனார் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். இரண்டு கையிலும் காப்பி டம்ளர். நான் சொன்னதைக் கேட்டிருப்பார் என்றுதான் தோன்றியது. ஒன்றை நண்பனிடம் கொடுத்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார், மகளைக் கூப்பிடாமல். பிறகு மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பிளக்குகளை மாட்டிச் சாவியைத் திருகினேன். ஒரு உறுமல். பின்னால் கடைசியாக ஒரு பெரிய வெள்ளை மூட்டம் கிளம்பி, காற்றில் கரைந்தது. பிறகு சுத்தமான, சீரான சத்தம். அவ்வளவு மென்மையாக அந்த இன்ஜின் ஓடி நான் கேட்டதே இல்லை. நண்பன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். இன்ஜினுக்குள் வருடக்கணக்காகப் படிந்திருந்த கரியைத் தண்ணீர் ஆவியாகிக் கழுவிக் கொண்டுபோயிருக்கும், ரோட்டரிக்காரர்கள் சிலர் வேண்டுமென்றே இப்படிச் செய்வதுண்டு என்றான். மாமனார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து முன்னால் வந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்து உப்பல்காரர் கேட்டுக்குள் நுழைந்தார். ஓடுகிற இன்ஜினைக் கண்டதும் அவருக்கு ஆசை கூடிவிட்டது. காரைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, தெலுங்கில் பேரத்தை ஆரம்பித்தார். கொடுத்த வாக்கை எப்படி மாற்றுவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, மாமனார் குறுக்கே வந்து நின்றார். அவர் உயரத்துக்கு உப்பல்காரர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"குடுக்கறதா இல்லீங். நீங்க போய்ட்டு வாங்க" என்று கும்பிட்டார் மாமனார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கும்பிடு புரிந்தது. நான் தெலுங்கில் மன்னிப்புக் கேட்டு, நிலைமையை விளக்கினேன். நல்ல மனிதர். "மாமகாரு செப்பாக இங்கேமுந்தி" என்றார். மாமனார் சொன்ன பிறகு வேறென்ன இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் மாமனார் என் பக்கம் திரும்பினார். நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"ஏனுங் மாப்பிள்ள, நல்லா ஓடற வண்டிய யாராச்சும் விப்பாங்களா?"

பால்கனியைப் பார்த்தேன். அங்கே நின்றிருந்த மனைவி, கழுத்தைத் தடவிக்கொண்டு, இனி இதற்கு வேலையில்லை என்பதுபோலச் சிரித்தாள். பக்கத்தில் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மாமனார் தானாகவே முன்சீட்டில் வந்து மடங்கி உட்கார்ந்தார். மௌலா அலியில் ஒரு ஸ்டாஃப் காலனியில் அவர் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். வளைகாப்புக்கு அவரை அழைக்க வேண்டும், நாம் இரண்டு பேரும் போய்வரலாம் என்றார். தார்நாக்கா தாண்டினோம். பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "அந்த டப்பாவுல தண்ணி ஊத்துனது நானுங்" என்றார்.

"தெரியும் மாமா. காலையில பாத்தேன்."

"தெரிஞ்சுமா திட்டு வாங்குனீங்க?"

"அவன் எப்பவும் திட்டுவான் மாமா. எனக்குப் பழக்கம்."

திடீரென்று அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்து திரும்பினால், மனிதர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "ஷாம்பூ வேற போட்டனுங்" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். சிக்னலில் பச்சை விழுந்தும் கிளம்பாமல் சிரித்ததில் பின்னாலிருந்த பஸ் டிரைவரிடம் இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டு வாங்கினோம்.

காலனிக்குப் போனதும் ஊர்க்காரர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து இது யார் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். மாமனார் என் தோளில் கை வைத்து, "நம்ம மாப்பிள்ளைங்க. தூத்துக்குடி. கம்ப்யூட்டர்ல பெரிய வேலைல இருக்கறாரு" என்று அறிமுகம் செய்தார். அந்தப் 'பெரிய' வேலை அப்படியொன்றும் பெரியது இல்லை. நான் திருத்தவில்லை.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. தூத்துக்குடியிலிருந்து என் அப்பா அம்மாவும் வந்தார்கள். இரண்டு சம்பந்திகளும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை, தொட்டில், பால் பாட்டில் எல்லாவற்றுக்கும் அந்தக் காரில் இடமில்லை என்று ஆனபோது அதை நண்பனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலு கதவு வைத்த ஒரு சாதுவான வண்டி வாங்கினேன்.

இத்தனை வருடம் கழித்தும், யாராவது என் விஷயத்தில் தலையிட்டு எதையாவது குழப்பி வைத்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் இவரும் என் மாமனார் மாதிரி, என்மேல் உள்ள அக்கறையை என்னிடம் நேரே சொல்லத் தெரியாமல்தான் இதைச் செய்தாரோ என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன், அப்படி யோசித்ததற்காக நான் வருத்தப்பட்ட நாள் இதுவரை ஒன்றுகூட இல்லை.